நூற்றைம்பத்தேழாவது சுற்று

முப்பத்தோரு வருடம் அவர் செய்த வேலை ஒன்றுதான். வால்வைத் திறப்பார். வால்வை மூடுவார்.

நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெருங்குழாய்கள் பூமிக்கடியில் எங்கே ஓடுகின்றன, எங்கே பிரிகின்றன, எந்த வால்வின் சக்கரம் எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அலுவலகத்தில் வரைபடம் இருந்தது. அதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவரைக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

சக்கரத்தைச் சுற்றும்போது வாய்விட்டு எண்ணுவார். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒண்ணுரெண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலை நரைத்ததும் பெயரிலும் மரியாதை ஏறி, ஒண்ணுரெண்டார் ஆனார். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் விடுப்புப் பதிவேட்டில் அதையே அவருடைய பெயராக எழுதிவிட்டார். அவரும் திருத்தவில்லை.

எண்ணுவது விளையாட்டு இல்லை. பெருங்குழாய்க்குள் இருப்பது ஒரு வட்டத் தட்டு. வெளியே சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, உள்ளே தட்டு மெல்லத் திரும்பிக் குழாயை அடைக்கும். அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. எண்ணிக்கைதான் கண். நூற்றறுபது சுற்று முடிந்து சக்கரம் இறுகினால் தட்டு ரப்பர் விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே இறுகினால் இடையில் கல்லோ துருக்கட்டியோ சிக்கியிருக்கிறது. அப்போது பத்துச் சுற்று திரும்பத் திறக்க வேண்டும். தண்ணீர் பீறிட்டுக் கல்லைத் தள்ளிக்கொண்டு போகும். பிறகு மறுபடி மூட வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. சக்கரத்துக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பித்தளைப் பின் இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் அது முறியும். முறிந்தால் சக்கரம் காற்றாடி மாதிரி சும்மா சுற்றும். தட்டு தண்ணீர் தள்ளுகிற பக்கம் போகும். ஆகவே ஒரு சுற்றுக்கு நாலு விநாடி. அவசரம் கூடாது, தயக்கமும் கூடாது.

வாழ்க்கையையும் அவர் அப்படித்தான் நடத்தினார். வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, குறிப்பு உண்டு. கடவுள் விஷயத்தில் அவருக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. அவர் மனைவி தினமும் காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்து, வெளியே பார்த்தபடி ஒரு நிமிடம் கைகட்டி நிற்பார்.

"யாருக்கு இந்த சல்யூட்டு?" என்று இவர் கேட்பார்.

"யாருக்கோ. வாங்கிக்கிறவங்க வாங்கிக்கட்டும். உங்களுக்கு என்ன, அதையும் எண்ணணுமா?"

அந்த அம்மாளுக்கு ஐம்பதாவது வயதில் காய்ச்சல் வந்தது. இவர் வெப்பமானியை எடுத்தார். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். காலை, மதியம், மாலை என்று எழுதினார். நூறு. நூற்றொன்று. நூறு. ஆறாவது நாள் மனைவியின் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா முகமே சரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க அத்தான்" என்றான். இவர் தாளைக் காட்டினார்.

"ஏறல பாரு. நூத்தி ஒண்ணைத் தாண்டவே இல்ல. மருந்து கேக்குது."

ஒன்பதாவது நாள் ஆம்புலன்ஸ் வந்தது. பதினோராவது நாள் எல்லாம் முடிந்தது. ரத்தத்தில் கலந்துவிட்டது, மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

தம்பி அன்றோடு பேச்சை நிறுத்தினான்.

ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது. அவன் வெல்டர். அதே இலாகாவில்தான் வேலை. இவர் தண்ணீரை நிறுத்தினால்தான் அவன் குழாய்க்குள் இறங்க முடியும். நாலு மாதமாக இருவருக்கும் இடையே பேச்சு சூப்பர்வைசர் வழியாகத்தான் நடந்தது. "அவர்கிட்ட சொல்லுங்க, வடிஞ்சிருச்சான்னு பாக்கச் சொல்லி." "அவன்கிட்ட சொல்லுங்க, வடிஞ்சிருச்சு." நடுவில் நிற்கும் சூப்பர்வைசர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "நான் என்ன டெலிபோனா?" என்பார்.

கிழக்குப் பெருங்குழாயின் உள்பக்க வெல்டிங்கில் விரிசல் கண்டது அந்தச் சமயத்தில்தான். குழாய் ஒரு மீட்டர் அகலம். குனிந்துகூடப் போக முடியாது. சக்கரம் வைத்த பலகையில் குப்புறப் படுத்து, கையால் உந்திக்கொண்டுதான் போக வேண்டும். மேன்ஹோலில் இறங்கி, சரிவில் நூற்றிருபது மீட்டர் கீழே போனால் விரிசல். வெல்டரும், வெல்டிங்கைத் தேய்த்துச் சமன்செய்யும், அவனைவிட மூத்தவரான கிரைண்டர்காரரும் போவதாக ஏற்பாடு.

ஆள் உள்ளே இருக்கும்போது மேலே இரண்டு வால்வுகள் மூடியிருக்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் மேல் வால்வை மூடினால் நகரத்தின் கிழக்குப் பாதிக்கே தண்ணீர் நிற்கும், ஏனென்றால் அங்கே போகும் கிளைக்குழாய் இரண்டு வால்வுக்கும் நடுவில்தான் பிரிகிறது. சூப்பர்வைசர் தாடையைச் சொறிந்தார்.

"கீழ் வால்வு மட்டும் போதும். ஒண்ணுரெண்டார் எண்ணி மூடினா, அது ரெண்டு வால்வு மூடின மாதிரி."

காலை ஏழு மணிக்கு இவர் கீழ் வால்வின் சக்கரத்தைப் பிடித்தார். எண்ண ஆரம்பித்தார். நூறு தாண்டியது. நூற்றுப் பதினைந்து. அப்போது வெல்டர் தன் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போனான். சூப்பர்வைசரிடம் சொல்கிற மாதிரி, இவர் காதில் விழுகிற மாதிரி சொன்னான்:

"இவர் எண்ணுறதை நம்பித்தான் உள்ள போறேன். எங்க அக்காவும் அதைத்தான் நம்புனா."

கை சுற்றிக்கொண்டே இருந்தது. வாய் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. சக்கரம் இறுகியபோதுதான் சுயநினைவு வந்தது. நூற்றைம்பதா? நூற்றைம்பத்தெட்டா? நூற்றறுபதேதானா?

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும். தலை சிதறினாலும் மறக்காத விஷயம் அது. "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று சொல்லி, முழுக்கத் திறந்து, முதலிலிருந்து எண்ண வேண்டும். இருபது நிமிட வேலை. ஆனால் பத்தடி தூரத்தில் அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால், அந்த வார்த்தைக்கு அப்புறம், எண்ணிக்கை விட்டுப்போச்சு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எத்தனைங்க?" என்று சூப்பர்வைசர் பதிவேட்டைத் திறந்தார்.

"நூத்தி அறுபது."

இவரே அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய்.

எட்டு மணிக்கு இருவரும் உள்ளே போனார்கள். இவர் கீழ் வால்வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வால்வில் கசிவதை வெளியே விடும் வடிகுழாயில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகியது. கொஞ்சம் கசிவது வழக்கம்தான். இது வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல். பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை முட்டியில் கை ஊன்றினார். இரண்டு தடவையும் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் வைத்து, மறுமுனையில் காதை வைத்தார். குழாயின் வயிற்றில் நடப்பது கம்பி வழியாகக் கேட்கும். கேட்டது சீறல். அதற்கடியில் வேறொரு சத்தம்: டக், டக், டக். தட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் உட்காராத தட்டை, இடுக்கு வழியாகப் போகிற தண்ணீர் ஏறக்குறைய நாலு மணி நேரமாக உலுக்கியிருக்கிறது. அந்த உலுக்கலெல்லாம் பித்தளைப் பின்னின் தலையில்.

சக்கரத்தைத் தொட்டார். சும்மா சுற்றியது.

போனை எடுத்தார்.

"ஆளை வெளிய எடு! வால்வு போச்சு!"

"எது போச்சு?" சூப்பர்வைசர் மேன்ஹோல் பக்கம் ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தினார். "சாப்பாடா?"

"வால்வு! வால்வுய்யா! தண்ணி வருது! ஜெனரேட்டரை அணை, கிரைண்டர் நின்னாத்தான் அவங்களுக்குக் காது கேக்கும்! குழாயைத் தட்டு! மூணு மூணா தட்டு!"

"நீங்கதானே நூத்தி அறுபதுன்னு..."

"தட்டுய்யா!"

மேல் வால்வு முந்நூறு மீட்டர் தள்ளி, மேட்டில் இருக்கிறது. ஓடினார். ஐம்பத்தாறு வயது முட்டி. கீழ் வால்வின் தட்டு இப்போதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகும். காலையில் இடையில் சிக்கிய கல் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். கல் நகர்ந்தால் ஒரே வீச்சில் திறக்கும். குப்புறப் படுத்த இரண்டு பேர், இருட்டில், ஏற்றத்தில், தண்ணீருக்கு எதிராக நூற்றிருபது மீட்டர். கால் மணி நேரம். தண்ணீர் கூடினால் கால் மணி நேரம் போதாது. இதெல்லாம் ஓடும்போதே கணக்காக மனதில் ஓடியது. அதற்கு மேல் ஒரே ஒரு எண்ணம்தான்: அவள் தம்பி.

கம்பிவேலிக் கதவை உதைத்துத் திறந்தார். சக்கரத்தைக் காணவில்லை.

யாரோ ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். சாக்கு அசைந்தது. மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. பக்கத்தில் போனதும் எலும்புக்குள் ஒரு ரீங்காரம் இறங்கியது.

தேனீக்கள். ஆயிரக்கணக்கில். சக்கரத்தின் விளிம்பு, ஆரங்கள், நடுத்தண்டு என்று ஓர் அங்குலம் விடாமல் மூடி, கீழே ஒரு பெரிய பூசணிக்காய் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் காலை ஒன்று பற்றி, அந்த ஒன்றை இன்னொன்று பற்றி, சங்கிலி சங்கிலியாக. வெயில் பட்ட இடத்தில் அந்தத் திரள் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னியது. காலையில் இந்த வழியாக வந்தபோது இங்கே ஒன்றும் இல்லை. இப்போது இவை மட்டும்தான்.

புகை போட நேரமில்லை. தண்ணீர் அடிக்கக் குழாயில்லை. கையுறை கீழ் வால்வுப் பக்கம் கிடந்தது. அவர் ஒரு விநாடி நின்றார். பிறகு வேகமாகக் கையை விட்டு விளிம்பைப் பற்றினார்.

மணிக்கட்டில் ஒன்று, கட்டைவிரலடியில் ஒன்று. தீக்கங்கு வைத்தது போல. கை தானாகத் துள்ளியது. சக்கரம் ஒரு வெட்டு வெட்டியது. கியர்ப் பெட்டிக்குள் கிரீச்சென்று பித்தளை முனகியது.

இன்னொரு தடவை இப்படித் துள்ளினால் பின் போய்விடும். பின் போனால் அவ்வளவுதான், செய்வதற்கு ஒன்றுமில்லை.

கையை எடுத்தார். மூச்சை விட்டார். மறுபடி வைத்தார், இந்த முறை விரல் நுனிகளை மட்டும், தூங்குகிறவர்களின் நடுவே கால் வைக்க இடம் தேடுகிற மாதிரி. தேனீக்கள் நகர்ந்தன. விரல் போன அளவுக்கு இடம் விட்டன. உள்ளங்கை போனது. இரும்பு தட்டுப்பட்டது. இரும்பு சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை, வெயில் உள்ளே இறங்காது. அது உடம்பின் சூடு. காய்ச்சலில் படுத்திருப்பவரின் கழுத்தடியில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு.

அவர் அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பதினொரு நாளில் ஒரு தடவைகூட. வெப்பமானியை வாங்கிப் பார்த்தார். எழுதினார். கையை வைக்கவில்லை.

"ஒண்ணு" என்றார்.

சக்கரம் நகர்ந்தது. அதோடு தேனீக்களும் நகர்ந்தன. சில சக்கரத்தோடு சுற்றின. சில அவர் கைமேல் ஏறி, மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை வந்து அங்கேயே ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. ரெண்டு. மூணு. கைக்குக் கனம் கூடியது. உயிருள்ள கனம். பத்து. பதினொண்ணு. ஒன்று உதட்டோரம் வந்து உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினார். சத்தமில்லாமல் எண்ணி அவர் சக்கரம் சுற்றியது அதுதான் முதல் தடவை.

நாலு விநாடிக்கு ஒரு சுற்று. பின்னுக்கும் அதுதான் வேண்டும், தேனீக்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்தச் சூட்டையும் கனத்தையும் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, கடைசி மாதத்தில், மூச்சு வாங்கி வாங்கி மகளிடம் சொன்னார். மகள் இயந்திரவியல் படித்தவள். காரணம் சொன்னாள்: கூடு மாறுகிற தேனீக்கூட்டத்துக்குக் காக்க வேண்டிய கூடு இல்லை, வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுப் புறப்பட்டிருக்கும், அந்த நேரத்தில் லேசில் கொட்டாது, நடுவில் முப்பத்தைந்து டிகிரி இருக்கும், அதனால்தான் சூடு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான்மா. அது காரணம். நான் காரணம் கேக்கல."

"பின்ன என்னப்பா?"

"என்னை உள்ள விட்டுச்சு. அன்னிக்கு நான் இருந்த நிலைமைல என்னை யாரும் பக்கத்துல விட்டிருக்கக் கூடாது. அது விட்டுச்சு."

தொண்ணூறாவது சுற்றில்தான் கீழேயிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் அவர் காதில் உறைத்தது. டங், டங், டங். சம்மட்டியால் குழாயைத் தட்டுகிறார்கள். மூணு மூணாக. ஜெனரேட்டர் சத்தம் நின்றிருந்தது. உள்ளேயிருந்து பதில் தட்டு வந்ததா என்பது இங்கே கேட்காது. நூற்றுப் பதினைந்து வந்தது. காலையில் நூல் அறுந்த இடம். நூற்றுப் பதினாறு. அவன் சொன்னது காதில் மறுபடி கேட்டது. கேட்கட்டும் என்று விட்டார். நூற்றுப் பதினேழு.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கொட்டுப்பட்ட கை வீங்கி, விரல்கள் மடங்க மறுத்தன. நூற்று நாற்பது. காலடியில் தரை அதிர்ந்தது. கல் நகர்ந்துவிட்டது. கீழ் வால்வு திறந்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீர் இரைந்தது. ஆனால் இந்தத் தட்டு ஏறக்குறைய மூடிவிட்டது. போவது எட்டில் ஒரு பங்குதான். எட்டில் ஒரு பங்கே ஓர் ஆளைப் புரட்டப் போதும்.

நூற்றைம்பத்தைந்து. நூற்றைம்பத்தாறு. நூற்றைம்பத்தேழு.

சக்கரம் இறுகியது.

மூன்று சுற்று பாக்கி. இங்கேயும் கல்.

அவர் முகத்தில் வழிந்தது வியர்வையா வேறா என்று தெரியவில்லை. துடைக்க வழியில்லை. இப்படியே விட்டால் கொஞ்சம்தான் கசியும். அவர்கள் தவழ்ந்து வந்துவிடலாம். ஆனால் இந்தத் தட்டும் நடுங்கும். இந்தப் பின்னும் பழசு. மூன்று மணி நேரம் தாங்குமா, மூன்று நிமிடம் தாங்குமா, சொல்ல முடியாது. முறையாகச் செய்வதென்றால் பத்துச் சுற்று திறக்க வேண்டும். நாற்பது விநாடி. மறுபடி மூட ஐம்பத்திரண்டு விநாடி. அவ்வளவு நேரமும் அவனை நோக்கிக் கூடுதல் தண்ணீரைத் தன் கையாலேயே திறந்துவிட வேண்டும்.

காலையில் வெட்கத்தால் விட்டது. இப்போது பயத்தால் விடலாம். விட்டால் யாருக்கும் தெரியாது.

கை தேனீக்களுக்குள் இருந்தது. அவை ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. இவருடைய மூச்சும் எப்போது என்று தெரியாமல் அந்தக் கதிக்கே வந்துவிட்டிருந்தது. அவர் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டத் தெரியாது. ஆனால் தனியாக இல்லை என்று தோன்றியது. பிறகு எவ்வளவு யோசித்தும் அதை வேறு வார்த்தையில் அவரால் சொல்ல முடியவில்லை. தனியாக இல்லை.

சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார்.

குழாய் உறுமியது. ஒன்று. இரண்டு. தேனீக்கள் சுற்றோடு சுற்றாகத் திரும்பி நடந்தன. ஐந்து. தண்ணீர் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி ஓடியது. எட்டு. ஒன்பது. பத்து. அடியில் ஏதோ தட்டில் மோதி, உருண்டு, போய்விட்டது. இப்போது திரும்ப. கை பறந்தது, மனம் கையைப் பிடித்தது. நாலு விநாடி. நாலு விநாடி. நூற்றைம்பத்தைந்து. ஆறு. ஏழு. நின்றால் முடிந்தது.

நிற்கவில்லை. நூற்றைம்பத்தெட்டு. ஒன்பது. நூற்றறுபது. தட்டு ரப்பரில் உட்கார்ந்த அந்தச் சின்ன மெத்தென்ற தட்டல் உள்ளங்கையில் தெரிந்தது. இரைச்சல் அறுந்தது. பூமி சும்மா இருந்தது. தேனீக்களின் ரீங்காரம் மட்டும்.

முழங்கையிலிருந்தவற்றை மறுகையால் தள்ளவில்லை. கையைச் சக்கரத்தோடு ஒட்டிவைத்து நின்றார். ஓடிப்போய்ப் பார்க்க உயிர் துடித்தது. நின்றார். ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. கடைசி ஒன்று போனதும் ஓடினார்.

மேன்ஹோல் பக்கம் சேற்றில் கிரைண்டர்காரர் மல்லாந்து கிடந்து இருமிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. வெல்டர் மேன்ஹோல் விளிம்பில் உட்கார்ந்திருந்தான், தலையிலிருந்து கால்வரை நனைந்து, இரண்டு முழங்கையும் தோலுரிந்து. இவரைப் பார்த்தான்.

"நடுவுல ஒரு தடவை குறைஞ்சு, மறுபடி கூடுச்சு" என்றான். சூப்பர்வைசரிடம் இல்லை, நேராக இவரிடம். நாலு மாதத்துக்கு அப்புறம். "பெருசைத் தோள்ல முட்டுக் குடுத்துத் தள்ளிக்கிட்டு வரேன். மூக்கு வரைக்கும் ஏறுச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"கூட்டினது நான்தான்" என்றார். "கல்லு சிக்குச்சு. பத்துச் சுத்துத் திறந்தேன்."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

அவனும் தொழில்காரன், முறை தெரிந்தவன்; தலையசைத்தான்.

"காலையில அதைச் செய்யல" என்றார் இவர். "எண்ணிக்கை விட்டுப்போச்சு. உன் முன்னால சொல்ல வெக்கப்பட்டு நூத்தி அறுபதுன்னு எழுதிட்டேன். கீழ் வால்வு மூடவே இல்ல. உங்க ரெண்டு பேரையும் இன்னிக்குக் கொன்னிருப்பேன்."

சூப்பர்வைசர், "ஐயோ, இதெல்லாம் இப்ப எதுக்கு..." என்று இழுத்தார். கிரைண்டர்காரர் படுத்தபடியே, "சொல்லட்டும்யா. தண்ணி குடிச்சது நானு" என்றார்.

வெல்டர் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவரும் நினைத்தார், நகரவில்லை.

"அக்காவுக்கும் இப்படித்தான் பொய் எழுதினீங்களா?"

"இல்ல. அதுல ஒரு எழுத்து பொய் இல்ல. எல்லாம் சரியா எழுதினேன். தொட்டுப் பாக்கல. அதான்டா நான் பண்ணினது. பக்கத்துலயே உக்காந்திருந்தேன், தொட்டுப் பாக்கல."

மனைவி போன பிறகு அவர் அழுதது அப்போதுதான். சேற்றில் நின்று, வீங்கிய கையைத் தொங்கவிட்டபடி. வெல்டர் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் முகத்தில் தண்ணீர்தான்.

"கையில என்னது?" என்றான் கடைசியில்.

"தேனீ. சக்கரம் முழுக்க உக்காந்திருந்துச்சு."

"எத்தனை கொட்டுச்சு?"

"ரெண்டு. அதும் நான் அவசரப்பட்டதால. மத்ததெல்லாம் எடம் விட்டுச்சு."

அவன் மேட்டைப் பார்த்தான். வேலிக்கு மேலே புகை போல ஒன்று எழும்பி, சுழன்று, நீண்டு, கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நாலு பேரும் அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தார்கள். கிரைண்டர்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

வேலை முடியவில்லை. விரிசல் அப்படியே இருந்தது. இப்போது மேல் வால்வும் மூடியாயிற்று; கிழக்குப் பாதி முழுக்கக் காய்ந்துவிடும். சூப்பர்வைசர் யாரையும் கேட்கத் துணியாமல் கடிகாரத்தைப் பார்த்தார். நனைந்த வெல்டிங் கேபிளைத் துடைத்துச் சோதித்து, உள்ளே தேங்கியதை வடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பதிவேட்டில் காலையில் எழுதியதை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி இவரே எழுதினார். அதற்கு இலாகா அவரை ஆறு மாதம் வீட்டில் உட்காரவைத்தது. அது பின்னால் நடந்த கதை.

வெல்டர் பலகையையும் கிரைண்டரையும் எடுத்தான்.

"தம்பி, வேண்டாம்யா. நாளைக்கு வேற ஆளை..." என்றார் சூப்பர்வைசர்.

அவன் காதில் வாங்கவில்லை. இவரிடம் வந்தான்.

"மேல் வால்வு எத்தனை?"

"நூத்தி அறுபது."

"காலையிலயும் இதான் சொன்னீங்க."

"ஆமா."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை. அதற்கு மேல் சொல்ல அவரிடம் வேறு எண்ணும் இல்லை.

"அத்தான்" என்றான். "இங்க உக்காருங்க. குழாய் மேல கையை வைங்க. சத்தம் கொஞ்சம் மாறினாலும் தட்டுங்க. கம்பியெல்லாம் வேண்டாம். கை போதும்."

மேன்ஹோல் விளிம்பில் குப்புறச் சாய்ந்து, பலகையை உள்ளே விட்டு, தலையை முன்னால் கொடுத்து நுழைந்தான். கடைசியாகச் செருப்பில்லாத இரண்டு பாதங்கள் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

அவர் உட்கார்ந்து, வீங்காத கையைக் குழாயின் முதுகில் வைத்தார். இரும்பு குளிர்ந்திருந்தது. பலகையின் சக்கரங்கள் உருண்டு போவது மெல்லிய நடுக்கமாகத் தெரிந்தது. தூரம் போகப் போக அது தேய்ந்தது. அவர் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நின்றது. அப்புறம் கிரைண்டர் பிடித்துக்கொண்டது. குழாய் முழுக்க ரீங்காரம். உள்ளே ஆள் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தான்.